என் கால்ல மாமாவோட கொலுசு

என் பேரு சேவுகமூர்த்தி. வயசு இருபத்தி நாலு. சொந்த ஊரு சிங்கம்புணரி பக்கம். இப்ப இருக்கிறது ஓமன் நாட்டுல, துக்ம் ஊர்லேருந்து உள்ள நாப்பது கிலோமீட்டர் தள்ளி, சோலார் வயல், கேம்ப் ஆறு, ரூம் பதினேழு. எங்க கேம்ப் நர்ஸ் ஜெனிட்டா சிஸ்டர்தான் இப்படிப் பேரு, வயசு, இடம் சொல்லி ஆரம்பிக்கச் சொன்னாங்க. இதை நம்ம குடும்ப குரூப்புல போடுறேன். விரல்ல தட்டுனா எனக்கு ஒரு நாளாகும், அதனால பேசுறேன், போனு எழுதிக்குது. அக்கா, நீ படிச்சேன்னா அம்மாவுக்கு மெதுவா படிச்சுக் காட்டு. நடுவுல நிறுத்தாத. நிறுத்துனா அம்மா பாதியைக் கேட்டுட்டே அழ ஆரம்பிச்சிரும்.

பொன்னழகு மாமா உசுரோட இருக்காரு. அதை முதல்லயே சொல்லிர்றேன். நான் பேசப்போறது அவரோட இடது காலைப் பத்தி.

கொலுசுன்னா உங்களுக்குத் தெரியும், வீடியோ கால்ல காட்டியிருக்கேன். கணுக்கால்ல மாட்டுற கருப்புப் பட்டை. கம்பெனி அதுக்கு நீளமா ஒரு இங்கிலீஷ் பேரு வச்சிருக்கு. நம்மாளு எவனோ ஒருத்தன் கொலுசுன்னான், இப்ப பெங்காலிக்காரங்ககூட கோலுஷுன்னுதான் சொல்றாங்க. அது தோலு வழியா ஒரு வெளிச்சத்தை உள்ள விட்டு ரத்தத்தைப் பாக்கும். பாத்துட்டு ஒரு நம்பர் சொல்லும். இருபதுக்குள்ள இருந்தா பச்சை. நாப்பது வரைக்கும் மஞ்சள். அதுக்கு மேல போயி மூணு நாள் சிவப்பாவே நின்னா ஊருக்கு டிக்கெட். எங்க பேச்சுல, 'அவனுக்குக் கொலுசைக் கழட்டிட்டாங்க'.

அது என்ன நம்பருன்னு நான் வந்த புதுசுல சிஸ்டர்கிட்டக் கேட்டேன். அவங்க மார்த்தாண்டத்துக்காரங்க, கேம்ப் ஆஸ்பத்திரியில இருக்கிற ஒரே ஆளு. மத்ததெல்லாம் மெஷினு.

"மக்ளே, வெளிய அடிபட்டா வீங்குது, செவக்குது, கண்ணால பாக்குதோம்லா. ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளயும் அதே மாதிரி ஒண்ணு சத்தமில்லாம நடக்கும். சர்க்கரை உள்ளவனுக்கும் கால்ல ரத்தம் ஓடுத குழாய் அடைச்சவனுக்கும் அது அணையாத அடுப்பு கேட்டியா. அந்தப் புகை ரத்தத்துல தெரியும்."

வெள்ளணுவுல ஒரு ரகம் கூடுமாம், இன்னொரு ரகம் குறையுமாம், ஈரல்லேருந்து ஒரு புரதம் அதிகமா வருமாம். எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு ஒரே நம்பரா காட்டுது. இதைக் கண்டுபிடிச்சவங்க நல்லதுக்குத்தான் கண்டுபிடிச்சாங்க, புண்ணு வர்றதுக்கு முன்னாடியே யாரு காலு போகப்போவுதுன்னு தெரிஞ்சா காலைக் காப்பாத்தலாம்னுதான்னு சிஸ்டர் சொன்னாங்க. அதை விலைக்கு வாங்குனது இன்சூரன்ஸ்காரங்க. அங்கேருந்து வேற மாதிரி ஆயிருச்சு.

முக்கியமான விஷயம், அந்த நம்பர் அழியாது. இங்கேருந்து அனுப்பிட்டா அடுத்த கம்பெனிக்கும் அது தெரியும். எங்க கேம்ப் இருளாண்டி அண்ணன் கூட வேலை பாத்த சோலைமலை நாப்பத்தி மூணுல போனான், அதுக்கப்புறம் மூணு நாட்டுல எழுதிப்போட்டும் ஒருத்தரும் கூப்பிடல. அதோட நிக்காது. பிள்ளைங்க வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டா அப்பா அம்மா நம்பரையும் சேத்துத்தான் பாப்பாங்க. வம்சத்துல இருக்கிற சீக்குன்னு ஒரு மார்க் போட்டுருவாங்க. மாமா மகன் நம்ம கபிலன் வெல்டிங் முடிச்சுட்டு கொரியா கப்பல் கட்டுற வேலைக்கு எழுதிப்போட்டிருக்கான்ல. மாமாவுக்குத் தன் காலை விட அதுதான் பெருசா இருந்துச்சு. இதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

மாமாவுக்கு சர்க்கரை பதினோரு வருஷமா இருக்கு. அது கம்பெனிக்கே தெரியும், மாத்திரை அவங்கதான் தர்றாங்க. தெரியாதது இடது கெண்டைக்கால் வலி. எங்க வேலை நடக்கிற வேலை. சோலார் தகடு துடைக்கிற மெஷினு வரிசையில தானா ஓடும், மணல் சிக்குனா நின்னுரும், நாங்க பின்னாடியே நடந்துபோயி அதைத் தட்டி விடணும். ஒரு வரிசை ஆயிரத்து இருநூறு மீட்டர். ஒரு நாளைக்குப் பதினஞ்சு வரிசை. மாமா நூறு மீட்டர் நடந்தாருன்னா நிப்பாரு. போனை எடுத்துக் காதுல வைப்பாரு. ம், சொல்லு மீனா, ம், அப்படியாம்பாரு. ரெண்டு நிமிஷத்துல வலி போயிரும், மறுபடி நடப்பாரு. இன்னொரு நூறு மீட்டர். சூப்பர்வைசர் அவரைப் பொண்டாட்டி மேல உசுரா இருக்கிற மனுசன்னு நெனச்சுக்கிட்டிருந்தான். மீனாள் அத்தை, அவரு உங்ககூட அவ்வளவு பேசுனதில்லைன்னு உங்களுக்கே தெரியும்.

தை மாசம் மாமா நம்பர் முப்பத்தி நாலு. மாசி பாதியில முப்பத்தெட்டு. அந்த வாரம் அவரு சோத்தைக் குறைச்சாரு, சீனியை விட்டாரு, பீடியையும் விட்டாரு. நம்பர் முப்பத்தி ஒம்பது ஆச்சு. பீடியை விட்டு அஞ்சு நாள்ல எறங்கும்னு அவருக்கு யாரு சொன்னாங்களோ. ஆறாம் நாள் மறுபடி பிடிச்சாரு.

இப்ப சொல்லப்போற யோசனை என்னோடது. மாமாவோடது இல்ல. இதை நல்லாக் கேட்டுக்கங்க.

வெள்ளிக்கிழமை காலையில கொலுசுக்கு சார்ஜ் போடுற கொட்டகைக்குப் போவோம். சார்ஜ் ஏறி முடிஞ்சதும் பூட்டு நாலு நிமிஷம் திறந்திருக்கும். அதுக்குள்ள கால்ல மாட்டிரணும். அன்னைக்குக் கொட்டகையில நானும் மாமாவும் மட்டும்தான். நான் என்னோடதை இடது கால்ல மாட்டிட்டு அவரோடதுக்குக் கையை நீட்டினேன்.

"மாமா, அதை இப்படிக் குடுங்க. என் வலது கால் சும்மாதான இருக்கு."

"வெளையாடாத மாப்ள."

"நாலு நிமிஷம்தான்."

மாமா கொட்டகை வாசலைப் பாத்தாரு. அப்புறம் கொலுசை என் மடியில வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் மாட்டிக்கிட்டேன். பூட்டு விழுந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது, அப்புறம் வாரா வாரம் அதேதான். ஒடஞ்ச கொலுசு போடுற டப்பாவுலேருந்து ஒண்ணை எடுத்து மாமா சும்மா பேருக்குக் கட்டிக்கிட்டாரு.

கேம்ப் கேட்டுல ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டிப் போவோம். மெஷினு ரெண்டு கொலுசு எண்ணும், ரெண்டு ஆளு எண்ணும், விட்டுரும். இருளாண்டி அண்ணன் மட்டும் குளிக்கிற இடத்துல பாத்துட்டாரு. முதுகுளத்தூர்க்காரரு, வாய் சும்மா இருக்காது. "என்ன மாப்ள, ரெண்டு கால்லயும் கொலுசு. மூக்குத்தி எப்ப போடுற?" அப்படின்னாரு. அவரு யாருகிட்டயும் சொல்லல. தெனமும் என்கிட்டத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு.

ரெண்டு வாரத்துல மாமா நம்பர் பன்னெண்டு. கம்பெனி ஆப்புல மாமா பேருக்கு நேரா உங்க போன்ல பச்சை விளக்கு எரிஞ்சது அப்பத்தான். அத்தை, நீங்க எனக்கு வாய்ஸ் போட்டீங்க, மாமாவை நல்லாப் பாத்துக்கிறப்பான்னு. நான் அதை ரெண்டு தடவை கேட்டேன். பதில் போடல.

எனக்கு இன்னொரு பயம் வந்துச்சு. ரெண்டு கொலுசும் என் ரத்தத்தைத்தான் பாக்குது. இடது கால்ல பதினொண்ணு காட்டுது, வலது கால்ல பன்னெண்டு காட்டுது. அந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு? என் வலது கால்ல ஏதோ இருக்குன்னு ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. சாப்பிடாம இருந்ததுல பதிமூணு ஆச்சு. சிரிக்காதீங்க.

அப்புறம் நாங்க நெனக்காதது நடந்துச்சு. கொலுசு நடையையும் எண்ணும். மாமா கொலுசு நான் நடக்கிற நடையை எண்ணுச்சு. நிக்காம, போன் பேசாம, இருபத்தி நாலு வயசுக்காரன் நடை. வைகாசி மாசம் கேம்ப்புலயே அதிகம் நடந்த ஆளு பொன்னழகுன்னு பெரிய ஸ்கிரீன்ல போட்டோ போட்டாங்க. எனக்கும் அதே கணக்குதான், வயசுல மூத்தவருன்னு அவரைப் போட்டாங்க. சாப்பாட்டு ஹால்ல எல்லாரும் கைதட்டுனாங்க. ஒரு மிக்சி குடுத்தாங்க. மாமா மேடை ஏறுறதுக்குள்ள ஒரு தடவை நின்னு போனை எடுத்துக் காதுல வச்சாரு. இருளாண்டி அண்ணன் என் காதுக்கிட்ட வந்து, "உங்க மாமன் நடக்கிற நடைக்கு ஒலிம்பிக்குக்கே அனுப்பலாம்" அப்படின்னாரு. அந்த மிக்சியைத்தான் பார்சல்ல அனுப்புனோம், நீங்க மாவு அரைக்கிறீங்க.

பரிசுக்கு அடுத்த வாரம் மாமாவுக்கு வரிசையைக் கூட்டிட்டாங்க. நல்லா நடக்கிற ஆளுல்ல. பதினஞ்சு இருந்தது பத்தொம்பது ஆச்சு. முடிஞ்ச அளவுக்கு அவரோட வரிசையையும் நான் ஓடி ஓடிப் பாத்தேன். அதுனால ரெண்டு கொலுசுலயும் நடை இன்னும் கூடுச்சு.

மாத்திரை விஷயம்தான் எங்களுக்குப் புரியவே இல்ல. ஆஸ்பத்திரிச் சுவத்துல ஒரு பெட்டி இருக்கு. விரலை வச்சா அன்னன்னிக்கு மாத்திரை விழும். மாமாவுக்கு நாலு விழும். சர்க்கரைக்கு ரெண்டு, கொழுப்புக்கு ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு. ஆனி மாசம் ஒரு நாள் மூணுதான் விழுந்துச்சு. ஆடியில ரெண்டு. பெட்டி ரிப்பேருன்னு நான் நெனச்சேன். மாமா அப்படி நெனக்கல.

"பாத்தியா மாப்ள, குறைச்சுட்டாங்க."

"மாமா, அது என் ரத்தம்."

"தெரியும்டா. இருந்தாலும் குறைச்சிருக்காங்கள்ல."

அவரு முகத்தைப் பாத்தா, டாக்டரே வந்து கையைப் பிடிச்சு உனக்கு நல்லாயிருச்சுப்பான்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. நானும் கொஞ்சம் நம்பிட்டேன், அதையும் சொல்லிர்றேன். பச்சை விளக்கை ஆறு மாசம் தெனமும் பாத்தா மனசு அப்படித்தான் போவுது. நம்பர் ஆபீசுக்குப் போவுது, மாத்திரை டாக்டர் குடுக்கிறாருன்னுதான் நாங்க நெனச்சோம். நம்ம ஊர்ல ரேஷன் கடைக்காரருக்கும் கரண்ட் ஆபீசுக்காரருக்கும் என்ன சம்பந்தம்? அந்த மாதிரி. இங்க டாக்டருன்னு ஒருத்தரும் இல்ல. கொலுசு சொல்ற நம்பரை வச்சுப் பெட்டியே கூட்டுது, பெட்டியே குறைக்குது. என் ரத்தம் நல்லா இருந்ததுனால அவரு மாத்திரை நின்னுச்சு.

அத்தை, மாத்திரை குறைஞ்சிருச்சுன்னு மாமா சொன்னதும் நீங்க கோயில்ல பொங்கல் வச்சு போட்டோ போட்டீங்க. மாமா அதை ரூம்ல எல்லாருக்கும் காட்டுனாரு.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை. துணி துவைக்கிற இடத்துல மாமா சாக்ஸைக் கழட்டிக்கிட்டிருந்தாரு. ஏதோ வாடை வந்துச்சு, எலி செத்த மாதிரி. நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடியெல்லாம் பாத்தேன். அப்புறம்தான் குனிஞ்சு பாத்தேன். இடது கால்ல ரெண்டாவது விரல் நுனி நாவப்பழக் கலர்ல இருந்துச்சு. அதுக்குக் கீழ ஒரு குழி. குழிக்குள்ள காப்பித்தூள் வச்சு அடைச்சிருந்தாரு.

எத்தனை நாளா மாமான்னு கேட்டேன். ஷூவுக்குள்ள மணல் போயி உரசிருச்சு, பத்துப் பன்னெண்டு நாளிருக்கும்னாரு. கெண்டைக்கால்ல முடியே இல்ல, தோலு பளபளன்னு இருந்துச்சு. வலது காலைத் தொட்டா சூடு, இடது காலைத் தொட்டா பிரிட்ஜிலேருந்து எடுத்த மாதிரி. நான் விரலை அழுத்தினேன்.

"வலிக்கலையே," அப்படின்னாரு. அதைச் சந்தோஷமாச் சொன்னாரு.

கொலுசைத் திருப்பி மாட்டுங்க மாமா, உள்ளது தெரியட்டும்னேன். முடியாதுன்னுட்டாரு. நான் விடல. அப்பத்தான் அவரு துணியைக் கீழ போட்டுட்டுச் சொன்னாரு: "கபிலனுக்குக் கொரியாக்காரன் இந்த மாசம் பேப்பர் பாக்குறான். அது முடியட்டும். ஒரு விரல் போனா நான் செருப்புப் போட மாட்டேனா?"

விரலோட நிக்காது மாமான்னேன்.

"என் காலு, நான் பாத்துக்கிறேன். நீ உன் காலைப் பாரு."

அவரு சொன்னது நியாயமா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. அவரு காலுதான். ஆனா அந்தக் காலுக்குரிய நம்பர் என் கால்ல இருக்கு, அதுவரைக்கும் எனக்கும் பங்கு உண்டுன்னு தோணுச்சு. அன்னைக்கு மத்தியானமே சிஸ்டர்கிட்டப் போயி எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு கால் பேண்டையும் தூக்கிக் காட்டுனேன்.

சிஸ்டர் கத்தல. "எப்பளேருந்து?" மாசியிலேருந்துன்னேன். அவங்க மேசையில இருந்த மாத்திரைக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ரத்தம் உறையாம இருக்கதுக்கான மாத்திரைய ரெண்டு மாசமா குடுக்கல மக்ளே. எனக்கும் தெரியாது. பெட்டிதான் குடுக்குது, நான் பெட்டிய நெறப்புதேன்" அப்படின்னாங்க.

அதிகம் நடந்த ஆளுக்கு ஸ்பெஷல் செக்கப்புன்னு சொல்லி மாமாவைக் கூப்பிட்டாங்க. மாமா சட்டையெல்லாம் மாத்திட்டு வந்தாரு. சிஸ்டர் சாவி போட்டு என் வலது கால் கொலுசைக் கழட்டி அவரு கால்ல மாட்டுனாங்க. மாமா என்னைப் பாத்தாரு.

நம்பர் எழுபத்தி ஒண்ணு.

இதோட முடிஞ்சிருச்சு, சிவப்பு வந்துருச்சு, துக்ம் ஆஸ்பத்திரிக்கு வண்டி வரும்னு நான் நெனச்சேன். வண்டி வரல. ஸ்கிரீன்ல ஒரு மெசேஜ் வந்துச்சு, சிஸ்டர் படிச்சுச் சொன்னாங்க. கொலுசு பழுது, மாத்தவும்.

புதுக் கொலுசு மாட்டுனாங்க. அறுபத்தி ஒம்பது. மறுபடி அதே மெசேஜ். மூணாவது மாட்டுனாங்க. இப்ப அந்த மெசேஜ்கூட வரல, சும்மா பன்னெண்டுன்னு காட்டுச்சு, பச்சை விளக்கு. மாமா குனிஞ்சு அந்த விளக்கைப் பாத்தாரு. அப்புறம் சிஸ்டரைப் பாத்தாரு, நான் போகலாமாங்கிற மாதிரி.

ஏன்னு நான் கேட்டேன்.

"ஆறு மாசம் பன்னெண்டு காட்டுன ஆளு ஒரு மணி நேரத்துல எழுபத்தி ஒண்ணுக்குப் போக மாட்டான்னு மெஷினு நெனக்குது. அது நெனக்கது சரிதான். ஒரு ஒடம்புல அப்படி நடக்காது. எறங்குனா மாத்திரை வேலை செய்யுதுன்னு நம்பிரும், ஏறுனாதான் நம்பாது. அதனால பழைய நம்பரையே பிடிச்சு வச்சிருக்கு."

"ரெண்டு கொலுசும் ஆறு மாசமா ஒரே மாதிரி காட்டுச்சே, அதைக் கண்டுபிடிக்கலையா?"

சிஸ்டர் தேடிப் பாத்தாங்க. கண்டுபிடிச்சிருக்கு. சித்திரையிலயே கண்டுபிடிச்சிருக்கு. ரெண்டு பேரும் மாமன் மருமகன், ரத்த சொந்தம், அதனால ஒத்துப்போகுதுன்னு அதுவே ஒரு காரணத்தை எழுதி அதுவே மூடி வச்சிருச்சு.

சிஸ்டர் விரலைப் போட்டோ எடுத்து அனுப்புனாங்க. ஷூ உரசுன காயம், நம்பர் நல்லா இருக்கு, தானா ஆறிரும், களிம்பு போடவும்னு பதில் வந்துச்சு. நான் செஞ்சதையெல்லாம் என் வாயால சொல்லி அனுப்புனேன். விசாரணைக்கு எடுத்திருக்கோம், முப்பது நாள்னு பதில் வந்துச்சு. சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு நேரடியா போன் போட்டுக் கெஞ்சுனாங்க. கம்பெனிச் சீட்டு இல்லாம தொழிலாளியைச் சேக்க மாட்டாங்களாம். சிவப்பு வந்தாத்தான் மெஷினு சீட்டு அடிக்கும்.

அந்தப் பெட்டியில இருக்கிற மாத்திரையை சிஸ்டர் இப்ப கையால எடுத்து மாமாவுக்குக் குடுக்கிறாங்க. அதுக்கு அவங்க வேலை போகலாம். மாமா ரெண்டு நாள் போடல, மூணாம் நாள்லேருந்து போடுறாரு. ஆனா அடைப்புக்கு அது பத்தாதாம். குழாயைத் திறந்து விடணும். ஒரு வாரம் ஆச்சு, இன்னைக்கு மறுபடி வெள்ளிக்கிழமை. கருப்பு ரெண்டு விரலுக்கு வந்துருச்சு, பாதத்துல ஒரு செவப்புக் கோடு மேல ஏறுது. ரத்தக்குழாய் டாக்டர் துக்ம்முக்கு மாசம் ஒரு நாள்தான் வர்றாரு, இந்த மாசம் செவ்வாய்க்கிழமை வர்றாரு. அன்னைக்குப் பாத்துட்டா விரலோட போயிரும்னு சிஸ்டர் சொல்றாங்க. அடுத்த மாசம்னா முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டி வரும், இல்லேன்னா விஷம் ரத்தத்துல ஏறி ஆளே போயிருவாரு.

மெஷினு ஒரே ஒரு விஷயத்துக்குக் கேள்வி கேக்காதாம். கொலுசு வர்றதுக்கு முன்னாடியே கால்ல அடைப்பு, புண்ணுன்னு ஆஸ்பத்திரி ஆதாரம் இருந்தா, நம்பர் என்ன காட்டுனாலும் துக்ம் ஆஸ்பத்திரியில ஊசி போட்டு ரத்தம் எடுக்கச் சீட்டு அடிச்சே ஆகணும். அது விதி. அப்படி ஏதாவது உண்டான்னு சிஸ்டர் மாமாவைக் கேட்டாங்க. இல்லவே இல்லைன்னாரு. வேலைக்கு எழுதிக் குடுத்த பாரத்துலயும் இல்லைன்னுதான் எழுதியிருக்காரு.

நேத்து அவரே என்கிட்டச் சொன்னாரு. நான் அவருக்குக் கட்டு மாத்திக்கிட்டிருந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி, கொலுசு வராத காலத்துல, லீவுல ஊருக்கு வந்தப்ப மதுரை பெரியாஸ்பத்திரியில ஒம்பது நாள் படுத்திருக்காரு, இதே காலு, குதிகால்ல புண்ணு. நமக்கெல்லாம் பழனிக்குப் பாதயாத்திரை போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. கூட இருந்தது கபிலன் மட்டும். அங்க குடுத்த நீல அட்டை நோட்டு வீட்டுப் பரண்ல இருக்கு. ரத்தத்துல அந்தப் புரதம் எவ்வளவு, கால்ல ரத்த அழுத்தம் எவ்வளவு, எல்லாம் எழுதி சீல் வச்சிருக்காம்.

நோட்டு நம்பர் ஞாபகம் இருக்கா மாமான்னு கேட்டேன்.

"எரிச்சிரச் சொல்லிட்டேன் மாப்ள. மூணு வாரத்துக்கு முன்னாடியே கபிலன்கிட்டச் சொல்லிட்டேன். கொரியாக்காரன் வீட்டுக்கு வந்து பாப்பான்னு."

எரிச்சுட்டானான்னு கேட்டேன். சரிப்பான்னான், அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலைன்னாரு. கட்டு கட்டி முடிச்சதும் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவரு இந்த குரூப்புல இல்ல, நான் இப்படி உங்களுக்குச் சொல்றது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்கூடப் பேச மாட்டாரு. இப்பவும் கட்டு மாத்துறப்ப மட்டும்தான் பேசுறாரு.

என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. விசாரணை முடிஞ்சதும் என்னை அனுப்பிருவாங்க. மோசடின்னு எழுதி அனுப்புவாங்க, அது நம்பரை விட மோசம். அம்மாகிட்ட இந்த இடத்தைப் படிக்காத அக்கா.

கபிலா, இந்த குரூப்புல எது வந்தாலும் முதல்ல பாக்குறது நீதான். அத்தை போனும் உன் கையிலதான் இருக்கும். உங்கப்பா ஆறு மாசமா பச்சைன்னு நீ பாத்தது என்னை. அதுக்கு நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்குறேன். அந்த நோட்டு வெளிய வந்தா உங்கப்பா பேர்ல சிவப்பு ஏறும். உன் விண்ணப்பத்துலயும் அது ஏறும். ஏறாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், சிஸ்டர்கிட்டக் கேட்டுட்டேன். உன்னை மாதிரி நான் இருந்தா என்ன செய்வேன்னு யோசிச்சுப் பாத்தேன். எனக்கு உறுதியா ஒண்ணும் தெரியல.

எரிச்சிட்டேன்னா எரிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை போடு. யாரும் உன்னைத் திட்ட மாட்டோம். எரிக்கலேன்னா அட்டை மேல இருக்கிற நம்பரையும் உள்ள சீல் வச்ச பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நம்பர் தெளிவாத் தெரியணும், செவ்வாய்க்கிழமைக்குச் சீட்டு அடிக்க அது வேணும். திங்கக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள அனுப்பு.